ஹம்பர்க்குக்குத் தூக்கிச் சென்ற கம்பளம்

சனிக்கிழமை, காலை 6.20

ஜெர்மனியின் வுப்பர்டாலில் எங்கள் கட்டடத்தின் முதல் மாடியில் பர்வினின் கதவு, நாங்கள் மணி அடிக்கும் முன்பே திறந்திருந்தது. கம்பளம் வெள்ளைப் பருத்தித் துணியால் சுற்றப்பட்டு, மூன்று இடத்தில் கட்டப்பட்டு, சுவரில் சாய்ந்து நின்றது. ஒரு மீற்றர் அகலம், ஒன்றரை மீற்றர் நீளம். முழுக்கப் பட்டு. பாரம் நாலு கிலோவுக்குச் சற்று மேல். அது நான்கு மாதத்துக்கு முன்பு வரை தொங்கிக்கொண்டிருந்த சுவரில் ஒரு நீள்சதுரம் மட்டும் மற்ற இடத்தைவிட வெளுப்பாக இருந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் நின்றேன்.

பர்வினுக்கு அறுபத்தாறு வயது. ஈரானில் கோம் என்ற நகரத்தில் பிறந்தவர். இங்கே பாலர் பாடசாலை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அவரும் நாங்களும் பேசுவது டொச், அதாவது ஜெர்மன் மொழியில். ஹம்பர்க்கில் அவருடைய தம்பி வீட்டாருடன் பேசியதும் அதில்தான். எல்லாவற்றையும் நான் எங்கள் யாழ்ப்பாணத் தமிழில் எழுதுகிறேன். வேறு மாதிரி எழுத எனக்கு வராது.

“மடிக்கக் கூடாது. ரயில்ல படுக்க வையுங்கோ. நனைய விடாதேங்கோ,” என்றார் பர்வின். பிறகு என் மகளின் கன்னத்தைத் தட்டினார். “ஆரணி ஜான், கால் நோகுதோ?” ஜான் என்பது பாரசீகத்தில் கண்ணே, உயிரே என்பது போல.

“இல்லை அன்ரி. அப்பாவுக்குத்தான் நோகுது,” என்றாள் ஆரணி.

வாசகர்களுக்கு நடந்ததைச் சொல்லிவிட வேண்டும். கார்த்திகை விளக்கீடு அன்று மாலை, ஊரில் வாசலில் வைப்பது போல, எங்கள் மாடிப் படிகளில் களிமண் சிட்டி விளக்குகளை வரிசையாக வைத்தோம். பதினெட்டு வயது ஆரணி தாவணி கட்டியிருந்தாள். படியிறங்கும்போது தாவணியின் முனை ஒரு விளக்கைத் தொட்டது. கீழ் வீட்டுப் பர்வின் கதவைத் திறந்து பார்த்தார். சுவரிலிருந்த கம்பளத்தை ஆணியோடு இழுத்தெடுத்து, என் பிள்ளையை அதற்குள் சுற்றி, படித்தளத்தில் உருட்டினார். எல்லாம் சில நொடி. இடது காலிலும் முன்கையிலும் எரிகாயம், பன்னிரண்டு நாள் மருத்துவமனை. முகத்தில் ஒன்றுமில்லை.

நான் மூன்று படி மேலே எண்ணெய்ப் போத்தலுடன் நின்றேன். நின்றேன் என்பதைத் தவிர அந்த நேரத்தில் நான் செய்த எதுவும் என் நினைவில் இல்லை. அதற்குப் பிறகு வீட்டில் நெருப்புக்குச்சி வாங்கவில்லை. சாமி அறையில் இருப்பது பற்றரியில் எரியும் விளக்கு.

கம்பளத்தின் ஒரு மூலை கருகியது. நடுவில் விளக்கெண்ணெய் ஊறியது. திருத்தும் செலவைக் காப்புறுதி ஏற்றுக்கொண்டது. ஆனால் “என்ர தம்பியைத் தவிர வேற ஒருத்தரும் அதைத் தொடக் கூடாது,” என்றார் பர்வின். தம்பி ஹம்பர்க்கில் கம்பளம் நெய்பவர், திருத்துபவர். இடுப்பு வலியால் அவருக்குப் பயணம் ஏலாது. நான் கொண்டுபோகிறேன் என்றேன். அந்த மூலையைத் தவிர வேறொரு காரணமும் எனக்கு இருந்தது. அதை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

காலை 7.17

எங்கள் ஊரின் தொங்கு ரயில் ஆற்றுக்கு மேலே ஆடிக்கொண்டு போய் எங்களைப் பெரிய நிலையத்தில் இறக்கியது. ஹம்பர்க்குக்கு இங்கிருந்து ஏறத்தாழ முந்நூற்றறுபது கிலோமீற்றர். முன்பதிவில் ஆளுக்கு 35 யூரோ 99 சதம். ரயில் பன்னிரண்டு நிமிடம் தாமதம். அந்தப் பன்னிரண்டு நிமிடமும் நான் மேடையிலிருந்த வாங்கில் உட்காராமல், கம்பளத்தைத் தோளில் வைத்தபடியே நின்றேன்.

“அப்பா, ஏன் அதைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு நிக்கிறியள்? வாங்கில வையுங்கோவன்.”

“ஈரம் பிள்ளை.”

“வாங்கு காய்ஞ்சிருக்கு. நீங்கள்தான் வேர்த்து நனைஞ்சிருக்கிறியள்.”

ஏறியதும் அதை மேல் தட்டில் நீட்டி வைத்தேன். ஹாகன் வருமுன் மூன்று முறை எழுந்து பார்த்தேன். டோர்ட்மண்டில் பயணச்சீட்டுப் பார்க்க வந்த பெண் மேலே பார்த்து, “என்ன அது?” என்று கேட்டார்.

“பாரசீகக் கம்பளம்.”

“பறக்குமோ?”

“இல்லை,” என்றேன்.

“பாவம். பறந்தால் நீங்கள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருப்பியள்.” தன் நிறுவனத்தைத் தானே நக்கலடித்த திருப்தியுடன் அடுத்த இருக்கைக்குப் போனார். ஆரணி சிரித்தாள். விபத்துக்குப் பிறகு அவள் சிரிக்கும்போதெல்லாம் நான் எண்ணிக்கொள்வேன். அன்று அது இரண்டாவது.

மூன்ஸ்டருக்கு அப்பால் நிலம் தட்டையாகிறது. பங்குனி மாதத்து வயல், இன்னும் பச்சை பிடிக்காத மண், வரப்பில் நிற்கும் காற்றாலைகள். உறைப்புக் கறி வைத்துச் சுருட்டிப் பொரித்து மனைவி கட்டித் தந்த றோல்ஸைப் பிரித்தோம். பாதிப் பெட்டியைத் தொடக்கூடாது, அது தறிக்காரருக்கு என்று கட்டளை. ஒரு கோப்பி 3 யூரோ 90 சதம். அதில் சூட்டைத் தவிரச் சொல்ல ஒன்றுமில்லை. ஆரணி எதிரே காலை நீட்டிக்கொண்டாள். காற்சட்டைக்குக் கீழே, தழும்பை அழுத்திப் பிடிக்கும் தோல் நிற உறை தெரிந்தது. நாளுக்கு இருபத்து மூன்று மணி நேரம் அதைப் போடவேண்டும். நான் சாளரத்தின் பக்கம் திரும்பினேன்.

“பாருங்கோ அப்பா, பார்க்கலாம். காசு கேக்க மாட்டன்.”

“நான் வயலைப் பாக்கிறன்.”

“வயலில ஒண்டுமில்லை.”

காலை 10.35

ஹம்பர்க்கில் இறங்கி நடந்தோம். இருபது நிமிடத்தில் சுங்கக் கால்வாயின் பாலத்துக்கு வந்துவிடலாம். எல்பே ஆற்றிலிருந்து வந்த காற்று காதை அறுத்தது. பாலத்தின் மறுபுறம் பழைய பண்டகசாலைப் பகுதி, ஸ்பைகர்ஸ்டாட். இரண்டு பக்கமும் நீர். நீரிலிருந்தே எழும்பிய ஆறேழு மாடிச் செங்கல் கட்டடங்கள். ஒவ்வொன்றின் உச்சியிலும் சரக்குத் தூக்கும் இரும்புக் கொக்கி. கப்பலில் வந்த கோப்பியும் மிளகும் கம்பளமும் அந்தக் கொக்கிகளில் தொங்கித்தான் மேலே போயினவாம். இப்போது அருங்காட்சியகங்களும் அலுவலகங்களும் பெருகிவிட்டன. ஆனாலும் பல வாசல்களில் கம்பள வியாபாரிகளின் பெயர்ப்பலகைகள் இருந்தன.

பர்வினின் தம்பி பெஹ்ரூஸின் பட்டறை மூன்றாம் மாடியில். எங்களை வரவேற்றது அவரல்ல, வெளிச்சம். கால்வாய்ப் பக்கச் சாளரங்களிலிருந்து விழுந்த ஒளியில் தரையெங்கும் பட்டுக் கம்பளங்கள். வாசலில் நின்று பார்த்தபோது ஒன்று கருநீலமாக, மழைக்கால இரவு போல இருந்தது. அதைச் சுற்றிக்கொண்டு மறுமுனைக்குப் போனதும் அதே கம்பளம் வெளிறி, வெள்ளி பூசியது போல மாறிவிட்டது. நான் திரும்பப் பழைய இடத்துக்கு வந்து பார்த்தேன். மறுபடி கருநீலம்.

“எல்லாரும் இப்பிடித்தான் ரெண்டு முறை நடப்பினம்,” என்று ஒரு குரல். அறுபதைத் தாண்டிய, மெலிந்த, கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டிருந்த மனிதர். அவர்தான் பெஹ்ரூஸ். “பட்டு மயிர் ஒரு பக்கமாத்தான் சாய்ஞ்சு கிடக்கும். தலைமாட்டில நிண்டால் ஒரு நிறம், கால்மாட்டில நிண்டால் வேற நிறம். வாங்குறவைக்கு நாங்கள் ரெண்டையும் காட்டுறது. இல்லாட்டி வீட்டை போய் விரிச்சிட்டு, கம்பளத்தை மாத்திப்போட்டாங்கள் எண்டு சண்டைக்கு வருவினம்.”

அவருடைய மனைவி மஹின் தேநீரும் கற்கண்டும் கொண்டுவந்தார். றோல்ஸ் பெட்டியைத் திறந்து ஒன்றைக் கடித்துவிட்டு, கண்ணில் நீர் வர, “இன்னொண்டு தாங்கோ,” என்றார். மகன் கீழ்த்தளத்தில் கம்பளம் கழுவும் பகுதியைப் பார்த்துக்கொள்கிறார். இந்த மாடி முழுக்க இவர்கள் இருவரின் உலகம். பிறர் கொண்டுவரும் கம்பளங்களைத் திருத்துவது வேலை. மூலையில் நிற்கும் தறியில், வருடக் கணக்கில், தங்களுடையதாக ஒன்றை நெய்வது ஆசை.

காலை 11.20

அந்தத் தறியில் அவர்கள் நெய்வதைப் பார்த்தோம். நான் இதுவரை கண்ட எந்த நெசவு போலவும் அது இல்லை.

நிமிர்ந்த சட்டத்தில் மெல்லிய பட்டு இழைகள் மேலிருந்து கீழாக இறுகக் கட்டப்பட்டிருக்கின்றன. பெஹ்ரூஸ் அவற்றின் முன் பலகையில் அமர்ந்தார். தலைக்கு மேல் நிறநிறமாக நூல்பந்துகள். மாதுளைத் தோலில் எடுத்த மஞ்சள், மஞ்சிட்டி வேரில் எடுத்த சிவப்பு, அவுரி நீலம். மஹின் அவருக்குப் பின்னால் ஒரு கதிரையில் இருந்தார். மடியில் கட்டம்கட்டமாக வரைந்த படம். ஒரு கட்டம் ஒரு முடிச்சு.

மஹின் தொடங்கினார். பாட்டு என்று சொல்லமுடியாது. பேச்சும் அல்ல. எங்கள் ஊரில் நெல் அளப்பவர் எண்ணிக்கையை இழுத்துச் சொல்வாரே, அதற்குப் பக்கத்தில் ஏதோ ஒன்று. இரண்டு சிவப்பு, ஒரு நீலம், ஒன்றைத் தாண்டு, மூன்று வெள்ளை. பெஹ்ரூஸ் படத்தைப் பார்க்கவே இல்லை. குரல் வரும், விரல் நூலை இழுக்கும், இழையைச் சுற்றும், கொக்கிக் கத்தி அறுக்கும். மூன்றும் ஒரே அசைவு. முடித்ததும் மஹின் சொன்ன கடைசிச் சொல்லை அவர் மெதுவாகத் திருப்பிச் சொல்வார். அதைக் கேட்டால்தான் மஹின் அடுத்ததைச் சொல்வார். ஒரு வரிசை முடிந்ததும் இரும்புச் சீப்பால் தட்டு, பிறகு கத்தரி. ஒரு சதுர சென்ரிமீற்றருக்குள் எழுபது முடிச்சுக்குக் கிட்ட. அரை மணி நேரம் பார்த்தோம். ஒரு பூவிதழின் விளிம்பு ஒரு நூலளவு உயர்ந்திருந்தது.

“பிழைச்சால்?” என்று ஆரணி கேட்டாள்.

“பிழைச்சால் ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பிழை சொல்லுவம்,” என்றார் மஹின். “அவர் நான் பிழையாச் சொன்னன் எண்டுவார். நான் அவருக்குக் காது கேக்கேல்லை எண்டுவன். பிறகு பேசாமல் அவிழ்ப்பம்.”

மதியம் 12.10

எங்கள் கம்பளத்தைச் சாளரத்தடியில் மேசையில் விரித்தார் பெஹ்ரூஸ். நெருப்புக்குப் பிறகு நான் அதை முழுதாகப் பார்ப்பது அதுவே இரண்டாம் தடவை. சந்தன வெள்ளைப் பின்னணி. நடுவில் மாதுளை மரம், கிளையெல்லாம் பழம், ஒவ்வொரு பழமும் வேறு சிவப்பு. ஒரு மூலை கறுத்து முறுகியிருந்தது. அவர் குனிந்து மோந்தார்.

“முடி கருகின மணம். நல்ல பட்டு. பட்டு நெருப்பைக் கொண்டோடாது, தன்னோடயே நிப்பாட்டிப்போடும். போலிப் பட்டெண்டால் கடதாசி மாதிரி எரிஞ்சிருக்கும். இந்தாங்கோ, காட்டுறன்.” கருகிய விளிம்பிலிருந்து ஒரு நூலை உருவி, சட்டைப்பையிலிருந்து லைட்டரை எடுத்துச் சொடுக்கினார்.

“அதை அணையுங்கோ!” என்றேன். அந்தச் சத்தம் எனக்கே அந்நியமாக இருந்தது. பெஹ்ரூஸ் உடனே அணைத்து, லைட்டரை மேசை லாச்சிக்குள் போட்டு மூடினார். ஆரணி என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சற்றுப் பொறுத்து அவர் கம்பளத்தைத் திருப்பி, முதுகுப்பக்கத்தைக் காட்டினார். “இந்த இடது பாதியைப் பாருங்கோ. முடிச்சு இறுக்கம். இது அக்காவின்ர கை. வலது பாதி நான், கொஞ்சம் தளர்வு. அப்ப எனக்குப் பதினாலு வயசு, அவவுக்குப் பதினேழு. பதினாலு மாசம் பக்கத்துப் பக்கத்தில இருந்து போட்டது.”

“இதைப் பர்வின் அன்ரியே நெய்தவாவோ?” என்றாள் ஆரணி.

“உங்களுக்குச் சொல்லேல்லையோ?”

சொல்லவில்லை. கடையில் வாங்கிய பொருள் என்றே நினைத்திருந்தோம். தன் பதினேழாம் வயதை ஆணியோடு பிடுங்கி என் பிள்ளையைச் சுற்றியிருக்கிறார். மாடிப்படியில் பார்க்கும்போதெல்லாம் கால் நோகுதோ என்று மட்டும் கேட்டிருக்கிறார்.

“ஆனா நாங்கள் இதுக்குச் சொல்லுற பேர் அம்மாவின்ர கம்பளம்,” என்றார் பெஹ்ரூஸ். “அம்மா இதில ஒரு முடிச்சும் போடேல்லை. பின்னால இருந்து நிறம் சொன்னவா, அவ்வளவுதான். அவ சொல்லாட்டி எங்கட ரெண்டு பேற்ற கையும் சும்மாதான் இருந்திருக்கும்.”

கருகிய மூலையை அளந்தார். ஐயாயிரம் முடிச்சு, பத்துக் கிழமை வேலை, செய்யலாம் என்றார். எனக்கு மூச்சு வந்தது. பிறகு அவர் விரல் நடுவுக்குப் போனது. மரத்தின் அடியில், கையகலத்துக்கு, பட்டின் பளபளப்பு செத்து, பழைய கடதாசி போல மங்கியிருந்தது. ஒரு பழத்தின் சிவப்பு வெள்ளைக்குள் கசிந்திருந்தது. அவர் விரலை ஈரமாக்கித் தொட்டு, இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார்.

“இது நெருப்பு செய்த வேலை இல்லை. எண்ணெயும் இல்லை. காரம் பட்டிருக்கு. ஆரோ எதையோ போட்டிருக்கினம்.”

இதுதான் அந்த மற்றக் காரணம். அந்த இடம் இவ்வளவு கெட்டிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஆரணி என்னைப் பார்த்தாள்.

“நான்தான்,” என்றேன். “திருநீறு.”

விபத்துக்கு இரண்டு நாள் கழித்து, பர்வின் மருத்துவமனையில் ஆரணியுடன் இருந்தபோது, அவருடைய கதவைத் திறக்கும் திறப்பு என்னிடம் இருந்தது. கம்பளம் அவர் நடையில் கிடந்தது. எண்ணெய் சிந்தினால் எங்கள் வீடுகளில் சாம்பல் போடுவார்கள், அது உறிஞ்சிவிடும். ஜெர்மனியில் மாடி வீட்டில் சாம்பலுக்கு எங்கே போவது? சாமி அறையில் இருந்த திருநீற்றுப் பையை எடுத்துவந்து பாதியைக் கொட்டினேன். ஏதாவது செய்யவேண்டும் போல் இருந்தது. ஒன்றும் செய்யாமல் நின்ற கை அது. அடுத்த நாள் போய்த் தட்டலாம் என்றிருந்தேன். போனபோது பர்வின் கம்பளத்தைச் சுருட்டி நிலவறைக்குக் கொண்டுபோயிருந்தார். அவர் தட்டியிருப்பார் என்று எண்ணி, வெட்கத்தில் கேட்காமல் விட்டேன்.

பெஹ்ரூஸ் அக்காவுக்குத் தொலைபேசி எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார். நான் திரும்பவும் எல்லாவற்றையும் சொன்னேன்.

“அந்த வெள்ளைத் தூளோ?” என்றார் பர்வின். “நான் கண்டனான். அது நீங்கள் நெத்தியில பூசுறது. பிள்ளைக்காகப் பிரார்த்தனை செய்திருக்கிறார், இதைத் தட்டினால் பாவம் எண்டு நினைச்சன். அதாலதான் தூள் சிந்தாமல் கவனமாச் சுருட்டி வைச்சனான்.”

“நிலவறை ஈரமில்லையோ, அக்கா?” என்றார் பெஹ்ரூஸ்.

“ஈரந்தான்.”

பெஹ்ரூஸ் நெற்றியில் அடித்துக்கொண்டார். “உலர்ந்த சாம்பல் ஒண்டும் செய்யாது. ஈரம் பட்டால்தான் காரம். இவர் எண்ணெய்க்குப் போட்டார், அவ சாமியெண்டு காத்தா. நாலு மாசமா ரெண்டு பேரும் மரியாதை பாத்துப் பட்டை அவிச்சிருக்கிறியள்!” மஹின் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். தொலைபேசியிலும் சிரிப்புக் கேட்டது. நான் சிரிக்கவில்லை.

“இந்த இடத்தைத் திருப்பி நெய்யிறதோ, விடுறதோ?” என்று பெஹ்ரூஸ் கேட்டார்.

“மூலையைச் செய். நடுவை விடு,” என்றார் பர்வின். “பிரார்த்தனைதானே, இருக்கட்டும்.”

“பிரார்த்தனை இல்லை,” என்றேன். “அண்டைக்கு நான் ஒண்டும் செய்யேல்லை. என்ர பிள்ளை எரியேக்க நான் போத்தலோட பாத்துக்கொண்டு நிண்டனான். நீங்கள்தான் செய்தது. எனக்கு அது தெரியும்.”

நான்கு மாதமாகச் சொல்லாததை, முந்நூற்றறுபது கிலோமீற்றர் தாண்டி வந்து, முன்பின் தெரியாதவர்களின் மேசைக்கு முன்னால், மகள் கேட்கச் சொன்னேன்.

ஆரணிதான் முதலில் பேசினாள். “என்ன அப்பா கதைக்கிறியள்? நீங்கள் கத்தினனீங்கள்.”

“நான் கத்தேல்லை.”

“கத்தினனீங்கள். ‘கீழ விழு, உருளு, பர்வின், பர்வின்’ எண்டு முழுக் கட்டடமும் கேக்கக் கத்தினனீங்கள். பர்வின் அன்ரி, சொல்லுங்கோ. நீங்கள் ஏன் கதவைத் திறந்தனீங்கள்?”

“நான் தொலைக்காட்சி பாத்துக்கொண்டெல்லோ இருந்தனான்,” என்றது தொலைபேசி. “புகையும் காணேல்லை, ஒண்டும் காணேல்லை. உங்கட அப்பா என்ர பேரைச் சொல்லிக் கத்தினார். நான் வந்தன்.”

எனக்கு அது நினைவில் இல்லை. இன்றும் இல்லை. ஆனால் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.

மஹின் என் முன்னால் தேநீர்க் குவளையை நகர்த்தி வைத்தார். தறியின் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, கற்கண்டைத் தந்தார்.

பிற்பகல் 2.46

திரும்பும் ரயில் நேரத்துக்கு வந்தது. தோளில் ஒன்றும் இல்லை. கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கம்பளம் அங்கே வைகாசி முடியும்வரை இருக்கும். பட்டறையை விட்டு வரும்போது அதன் தலைமாட்டில் நின்று பார்த்தேன். நடுவில் மங்கல் நன்றாகத் தெரிந்தது. கால்மாட்டிலும் தெரிந்தது. ஒளி மாறினால் மறைந்துவிடும் என்று ஒரு நப்பாசை இருந்தது. மறையவில்லை. பரவாயில்லை. பர்வின் அதை அறிந்தே சுவரில் மாட்டப்போகிறார்.

பிறேமன் தாண்டியதும் ஆரணி எதிர் இருக்கையில் காலை நீட்டினாள். காற்சட்டை சற்று மேலேறியது. இந்த முறை நான் வயலைப் பார்க்கவில்லை.

“அரிக்குதோ?”

“கொஞ்சம். இறங்கிற நிலையத்தில குச்சி விக்கினம் எண்டால் வாங்குங்கோ.”

“என்ன குச்சி?”

“நெருப்புக்குச்சி அப்பா. வீட்டில ஒண்டும் இல்லையெல்லோ.”

மாலை 6.25

நிலையத்துக் கடையில் ஒரு பெட்டி வாங்கினேன். 99 சதம்.

பர்வின் கதவடியில் நின்று, சாப்பிட்டீர்களா என்று மட்டும் கேட்டார். அவர் பின்னால் சுவரில் அந்த வெளுத்த நீள்சதுரம். அதைப் பார்த்தபடியே ஓம் என்றேன்.

மேலே வந்து கால் கழுவினோம். விளக்கு வைக்கும் நேரம். ஹம்பர்க்கில் கால்வாய்க்கு மேலே இந்நேரம் மஹின் கடைசி வரிசையைச் சொல்லிக்கொண்டிருப்பார். எங்கள் சாமி அறையில் நான் நின்றேன். ஆரணி எனக்குப் பின்னால், கதவு நிலையில் சாய்ந்துகொண்டு நின்றாள்.

“முதல்ல அந்தப் பற்றரி விளக்கை எடுங்கோ,” என்றாள். எடுத்தேன். “குத்துவிளக்கை நடுவில வையுங்கோ. ஓம். எண்ணெய். இன்னும் கொஞ்சம். காணும். திரியை வெளியால இழுங்கோ. சட்டைக் கையை மடியுங்கோ அப்பா.”

மடித்தேன். குச்சியை எடுத்தேன். பெட்டியின் ஓரத்தில் அதை வைத்துப் பிடித்தேன். அவள் அவசரப்படுத்தவில்லை.

“இப்ப,” என்றாள்.

“இப்ப,” என்று திருப்பிச் சொல்லி, உரசினேன்.